உறையூர்த் துணியும் உரோமப் பொன்னும்



திருவரங்கத்திலிருந்து காவிரியைக் கடந்து திருச்சிராப்பள்ளிக்கு வருவோர் மலைக்கோட்டையை அண்ணாந்து நோக்குவர். மேற்கே உறையூர் மண்ணைக் குனிந்து நோக்குவோர் சிலரே. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1960-களில் அம்மண்ணை அகழ்ந்தபோது, தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும், சாயத்தொட்டி எனக் கருதப்படும் கட்டடமும் வெளிப்பட்டன. அத்தொட்டிக்குக் கடல் கடந்தும் ஒரு துணைச்சான்று உண்டு. முதல் நூற்றாண்டில் பெயரறியாக் கிரேக்க வணிகர் ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' என்னும் நூல், 'அர்கரு' என்ற உள்நாட்டுப் பட்டினத்தின் மெல்லிய துணியைக் குறிக்கிறது. அர்கரு நம் உறையூரே என்பது அறிஞர் பலர் கொள்கை.

துணி சென்றது, பொன் வந்தது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசர் முகத்தின்மேல் உளிவெட்டு! வெறுப்பால் வெட்டியதென்று விரைந்து முடிவு செய்யலாகாது. 'இது நாணயமன்று, பொன்னாக நிறுத்துக் கொள்க' என்னும் குறியே அது என்பர் சிலர். எனக்கும் அதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. வெட்டுப்படாத காசுகள் அக்குவியலில் மிகச் சிலவே.