கட்டியவர் யார்?



நம் கோலாலம்பூரில் மெர்டேக்கா சதுக்கத்தை அடுத்த செயின்ட் மேரி பேராலயமும் பிரிக்ஃபீல்ட்ஸ் திருச்செபமாலை ஆலயமும் கோதிக் பாணியின. பழங்கிரேக்கக் கோயிலை நினைவூட்டும் புதுச்செவ்வியல் பாணியைக் காணப் பினாங்குக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்தை முன்னிறுத்தி ஓர் இலக்கணக் கேள்வியை எழுப்ப விழைகிறேன்.

அவ்வாலயம் 1818-இல் எழுந்தது. 1819 மே 11-ஆம் நாள் கல்கத்தா ஆயர் மிடில்டன் அதனைத் திருநிலைப்படுத்தினார். முகமண்டபத்தில் டோரிக் தூண்கள். மேலே எண்கோணக் கூர்ங்கோபுரம். சென்னையில் 1816-இல் திருநிலைப்படுத்தப்பெற்ற செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தைக் கண்டவர், தூண்களின் வகை வேறாயினும், இரண்டுக்கும் உள்ள உறவை உடனே உணர்வர். பினாங்கு ஆலயத்தின் முதற்கூரையும் சென்னை முறையில் அமைந்த தட்டைத் தளமே. மர விட்டங்களின்மீது செங்கற்களைக் குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையிட்டுச் செங்கல் ஜல்லி பரப்பி இறுக்கும் முறை அது. சென்னை வெயிலுக்கு ஏற்றது. பினாங்கு மழைக்கு ஏலாது. 1864-இல் சரிகூரை வேய்ந்தனர். மழைக்காகச் செய்த அம்மாற்றம் கட்டடத்தை முன்னினும் கிரேக்கமாகக் காட்டுகிறது என்பது என் எண்ணம்.

இதனைக் கட்டியவர் யார்? கேட்டவுடன் வரும் விடை, கிழக்கிந்தியக் கம்பெனியின் படைப்பொறியாளர் ராபர்ட் ஸ்மித். மூன்றாம் வேற்றுமையைக் கற்பிக்கும்போது கருத்தாவை நாம் இரண்டாகப் பிரிக்கிறோம். 'அரசனால் கட்டப்பட்ட கோயில்' என்பதில் அரசன் ஏவுதற்கருத்தா. 'தச்சனால் கட்டப்பட்ட கோயில்' என்பதில் தச்சன் இயற்றுதற்கருத்தா. ஸ்மித் ஏவினார். இயற்றியவர்கள், இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டுப் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்ட கைதிகள்.

அவர்களைக் குறிப்பிட நேர்ந்தால் நாம் எழுதுவது, 'கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது' என்பதே. 'கொண்டு' கருவிப்பொருளில் வரும் சொல்லுருபு. 'மண்வெட்டியைக் கொண்டு வெட்டினான்' என்போம். மண்வெட்டி நின்ற இடத்தில் இங்கே மனிதன் நிற்கிறான். நானும் பல்லாண்டுகள் அவ்வாறே எழுதி வந்தேன். "ஐயா, கைதிகள் கருவியா, கருத்தாவா?" என்று வகுப்பில் ஒரு மாணவி வினவினாள். அன்று நான் சொன்ன விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

சிங்கப்பூரின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தையும் 1856 முதல் 1861 வரை இந்தியக் கைதிகளே கட்டினர். சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் சேர்த்துக் குழைத்த சாந்தினை அதன் சுவர்களில் பூசி மெருகேற்றினர். ஆங்கிலேயர் அதனை 'மெட்ராஸ் சுணம்' என்றனர். நம் சுண்ணாம்போடு உறவுடைய அச்சொல் ஆங்கில அகராதியில் இன்றும் உண்டு. பூசிய கைகளுக்குரியோர் 'கைதிகள்' என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிட்டனர்.

ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சியைப் பரிந்துரைக்கிறேன். 'கைதிகளைக் கொண்டு கட்டப்பட்டது' என்பதைச் செய்வினையாக மாற்றச் சொல்லுங்கள். 'இந்தியக் கைதிகள் கட்டினர்' என்று சிலர் எழுதுவர். 'ஸ்மித் கைதிகளைக் கொண்டு கட்டினார்' என்று சிலர் எழுதுவர். இலக்கணப்படி இரண்டும் பிழையற்றவை. எதனை ஏன் எழுதினார்கள் என்று கேளுங்கள். முதல் தொடரை எழுதியவர்கள், அவர்கள் எங்கிருந்து வந்தனர், தண்டனை முடிந்தபின் எங்கே போயினர் என்று உங்களைத் திருப்பிக் கேட்பார்கள்.