சட்டைக்குள் ஒரு வயது

தோல் சுருங்கினால் வயதாகிவிட்டது என்கிறோம். அறுபதைத் தாண்டிய ஒருவரின் முகத்தையும், சட்டைக் கைக்குள் மறைந்திருக்கும் அவருடைய மேற்கையின் உட்புறத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பிறந்த நாள் ஒன்றுதான். முகத்தில் கோடுகள் ஆழமாக ஓடும். கையின் உட்புறமோ சற்றுத் தளர்ந்திருந்தாலும் வழவழப்பாகவே இருக்கும். முகம் சிரிக்கிறது, சுளிக்கிறது, அதனால் கோடு விழுகிறது என்று நீங்கள் சொல்லலாம். அதிலும் உண்மை உண்டு. ஆனால் 2012-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு வண்டியோட்டியின் படம் வெளியானது. 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். அங்கே ஓட்டுநர் இருக்கை இடப்பக்கம். ஜன்னலோரம் இருந்த இடது கன்னம் தடித்துச் சுருங்கிக் கிடந்தது. வலது கன்னம் அந்த அளவுக்குக் கெடவில்லை. சிரிப்பு இரண்டு கன்னத்துக்கும் பொதுதானே?

வெயிலில் உள்ள புறஊதா கதிர்களில் 'பி' வகையைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். 'ஏ' வகை கண்ணாடியையும் மேல்தோலையும் கடந்து உள்தோலுக்கே போகும். அங்கே தோலை விறைப்பாக வைத்திருக்கும் கொலாஜன் இழைகளை அரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடும். சிகரெட்டும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்கிறது.

திருவண்ணாமலைக்கு இதில் தனிக் கணக்கு உண்டு. பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 12 டிகிரியில் இருக்கும் ஊர் இது. ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். நட்ட குச்சிக்கு நிழல் விழாது. சித்ரா பௌர்ணமி அந்த ஏப்ரல் வெயிலை ஒட்டித்தான் வருகிறது. 14 கிலோமீட்டர் கிரிவலத்தைப் பெரும்பாலோர் இரவில் நடப்பது பக்திக்கு எப்படியோ, தோலுக்கு நல்லது. பாதையோரம் இளநீர் வெட்டுகிறவருக்கும், சுற்றுக் கிராமங்களில் மணிலாவுக்குக் களையெடுக்கும் பெண்களுக்கும் அந்த வசதி இல்லை.

கறுத்த தோலை வெயில் என்ன செய்யும் என்று கேட்பவர்கள் உண்டு. மெலனின் நல்ல கேடயம்தான். வெள்ளையரைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாகவே வருகிறது. ஆனால் அது முழுக் கவசம் அல்ல. முதலில் மங்கு, திட்டுத் திட்டாக நிறமாற்றம், பிறகு கோடுகள் என்று வெயில் நம்மிடமும் வசூல் செய்துவிடும். நல்லெண்ணெய் தடவினால் போதாதா? வறட்சியால் வரும் மெல்லிய கோடுகள் மறையும். வெயிலைத் தடுக்க எண்ணெயை நம்ப முடியாது. ஆஸ்திரேலியாவின் நம்பூர் நகரில் நடந்த ஆய்வின் முடிவு 2013-இல் வந்தது. நான்கரை ஆண்டுகள் தினமும் சன்ஸ்கிரீன் பூசச் சொல்லப்பட்டவர்களிடம், விருப்பப்படி விடப்பட்டவர்களைவிடத் தோல் முதிர்ச்சி 24 சதவீதம் குறைவு.

கூலி வேலைக்குப் போகிறவர் தினமும் டியூப் வாங்க முடியுமா என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை வயலிலேயே இருக்கிறது. சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்களே, வெயிலைத் தடுப்பதில் அந்தப் பழைய சட்டை எந்தக் களிம்புக்கும் இளைத்ததல்ல. அதை நாகரிகக் குறைவாகப் பார்ப்பவர்கள்தான் பாவம். முகத்துக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் நிழல் வேண்டும்: முன்னால் இழுத்துவிட்ட முக்காடு, அகலமான தொப்பி, கடைக்காரருக்குப் பெரிய குடை.

வந்துவிட்ட சுருக்கத்துக்கு? வைட்டமின் ஏ-யிலிருந்து வரும் டிரெட்டினாயின் களிம்புக்கு உறுதியான சான்று இருக்கிறது. பலன் தெரிய மாதங்கள் ஆகும், முதலில் எரியும், கர்ப்பிணிகளுக்கு ஆகாது. எனவே தோல் மருத்துவர் எழுதித்தான் வாங்க வேண்டும். போடாக்ஸ் ஊசி தசையைத் தளர்த்திக் கோட்டைக் குறைக்கும், மூன்று நான்கு மாதங்களுக்கு. உண்மையில் பயப்பட வேண்டியது, முகம் வெளுக்குமென்று கைமாறி வரும் ஸ்டீராய்டு களிம்புக்குத்தான். சில வாரம் பளபளப்பாகத் தெரியும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, இரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். மருத்துவர் எழுதாமல் கைக்கு வந்த டியூபில் பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன், குளோபெட்டசால் என்று பெயர் இருந்தால் முகத்தில் தொடாதீர்கள். பல மாதமாகப் பூசி வருகிறவர்கள் சட்டென்று நிறுத்தாமல், அந்த டியூபையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். அதற்குப் பயந்தே பலர் மறுபடியும் அதையே பூசுகிறார்கள்.