முதியோர் இல்லத்தில் மருந்தளிக்கும் முறை



2007ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், வறிய முதியோர்க்கென மாவட்டந்தோறும் ஓர் இல்லமேனும் படிப்படியாக அமைக்கலாம் என்கிறது. ஒரு மாவட்டத்திற் குறைந்தது 150 பேருக்கேனும் இடம் வேண்டுமென்பது அதன் கணக்கு. இத்தனை பேர் கூடி வாழும் இடத்தில், காலை உணவு முடிவதற்குள் எத்தனை மாத்திரைகள் கைமாறும் என்பதை எண்ணிப் பார்ப்போமாக. அவற்றை எடுத்துத் தருபவர் பல இடங்களில் மருத்துவரும் அல்லர், செவிலியரும் அல்லர், பராமரிப்பு ஊழியரே. அம்மாத்திரை எவ்வாறு தரப்படல் வேண்டும் என்னும் நுணுக்கத்தை அச்சட்டத்திற் காண இயலாது. அதனை ஒவ்வோர் இல்லமும் விதியாக வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

உரிய ஆள், உரிய மருந்து, உரிய அளவு, உரிய வேளை, உரிய வழி என்னும் ஐந்தும் செவிலியர் பாடத்தின் அரிச்சுவடி. இவற்றுள் முதலாவதே எளிதன்று. காது மந்தமான பெரியவர் எப்பெயர் சொல்லி அழைத்தாலும் தலையசைப்பார். ஆகவே பெயரைக் கூறி ஒப்புதல் பெறுவது போதாது. மருந்துத் தாளில் அவருடைய படம் ஒட்டப்பட்டிருத்தல் நன்று. பதிவேட்டில், கொடுத்தவரே, மருந்து விழுங்கப்பட்ட பின்னரே, கையெழுத்திட வேண்டும்.

இன்சுலினைப் பற்றித் தனியே கூறுதல் தகும். ஒரு மில்லிலிட்டரில் 40 அலகு கொண்டதும், 100 அலகு கொண்டதுமாக இருவகை நம் நாட்டில் உள்ளன. இரண்டிற்கும் ஊசிக்குழல் வேறு. 100 அலகு மருந்தை 40 அலகுக் குழலில் 20 என்னும் கோடுவரை ஏற்றினால், உடலிற் புகுவது 20 அன்று, 50 அலகு! இப்பணியைச் செவிலியரிடமே விட்டுவிடல் வேண்டுமென்பது நம் கருத்து.

இனி, மருத்துவர் சீட்டுக்களிற் காணும் 'எஸ்.ஓ.எஸ்.' என்னும் மூன்றெழுத்திற்கு வருவோம். கப்பல் மூழ்குங்கால் விடுக்கும் அபாயக் குறியே இதுவென்று எண்ணுவோர் பலர். 'தேவைப்படின்' எனப் பொருள்படும் இலத்தீன் தொடரின் முதலெழுத்துக்கள் இவை. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நமக்கு இதனைத் தமிழாக்குவதில் இடர் இல்லை. யாருக்குத் தேவைப்படின் என்பது அதில் இல்லாமையே இடர்.

நள்ளிரவில் ஒரு முதியவர் கூவுகிறார். கூடத்தில் மற்றவர் உறக்கம் கெடுகிறது. ஊழியர் ஒருவரே இருக்கிறார். உறக்க மாத்திரையோ கைக்கெட்டும் தூரத்தில் உள்ளது. தேவை அம்முதியவருக்கா, அக்கூடத்திற்கா? சிறுநீர் கட்டியிருக்கலாம், மலச்சிக்கலாயிருக்கலாம், காய்ச்சலாயிருக்கலாம். சொல்லத் தெரியாத வலியும் கூவலாக வெளிப்படும். மாத்திரை கூவலை அடக்கும், காரணத்தை அடக்காது. அரைமயக்கத்தில் எழுந்து நடந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ளவும் அது வழி செய்யும்.

ஆதலால், எக்குறிக்காக, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளியில், ஒரு நாளில் மிகுதியாக எத்தனை முறை என்பவை தெளிவாக எழுதப்படாத 'தேவைப்படின்' மருந்தை ஊழியர் கொடுத்தல் கூடாது. செவிலியரையோ மருத்துவரையோ தொலைபேசியில் அழைத்துக் கேட்டல் வேண்டும். அவ்வாறு நிறுத்திக் கேட்பதைக் கீழ்ப்படியாமை என்று நிருவாகம் கொள்ளலாகாது. இரவுக் கூடத்திற்கு ஒற்றை ஆளை நியமித்துவிட்டு விதியை மட்டும் சுவரில் ஒட்டி வைப்பதும் முறையன்று.

முதியவர் மருந்தை மறுப்பதும் உண்டு. கஞ்சியில் மறைத்துக் கொடுப்பதைச் சிலர் சாதுரியமாகக் கருதுகின்றனர். மெல்லக் கரைய வேண்டுமென்றே செய்யப்பட்ட மாத்திரையைப் பொடித்தால், நாள் முழுவதற்கும் உரிய மருந்து ஒருங்கே உடலிற் கலந்துவிடும். மேலும், தம் உடலுட் செல்வது யாதென அறியும் உரிமை முதுமையால் அற்றுப்போவதில்லை. சற்று நேரம் கழித்து மீண்டும் கேட்கலாம். அப்போதும் வேண்டாமென்றால், 'மறுத்தார்' என்று பதிவேட்டில் எழுதி, அவர் சொன்ன காரணத்தையும் அவர் வாய்மொழியிலேயே குறித்து, அன்றே மருத்துவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.