கவாத்துக்குப் பின்

நுவரெலியாவிலே ஓர் அரசினர் பாடசாலையின் அதிபராகப் பணியாற்றும் நான், இன்று கல்வியைப் பற்றிப் பேச வரவில்லை. என் வாழ்க்கையில் நேர்ந்த ஓர் அனுபவத்தைச் சொல்லவே வந்திருக்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எனக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. மகரகமவில் உள்ள புற்றுநோய் வைத்தியசாலையிற் சிகிச்சை பெற்றேன். அதற்கு இன்று வழங்கும் பெயர் அபேக்ஷா. சிங்களத்தில் அச்சொல்லுக்கு நம்பிக்கை, எதிர்பார்ப்பு என்று பொருள். சத்திரசிகிச்சை, மருந்தேற்றல், கதிர்ச் சிகிச்சை ஆகிய மூன்றும் நிறைவேறின. பின்னர்க் கொழும்புக் கோட்டையிலே புகையிரதம் ஏறி, நானு ஓயாவில் வந்து இறங்கினேன். "இனி ஒன்றுமில்லை, எல்லாம் முடிந்தது" என்று உறவினர் யாவரும் மகிழ்ந்தனர். நானும் சிரித்தேன். அன்றிரவு வீட்டார் உறங்கிய பின்னர், தனியே அடுக்களையில் அமர்ந்து அழுதேன்.

நோயைச் சொன்ன நாளில் அழாதவள், நோய் தீர்ந்த நாளில் ஏன் அழுதேன்? என்னை நானே நன்றி கெட்டவள் என்று நொந்துகொண்டேன். பின்னரே காரணம் விளங்கிற்று. சிகிச்சைக் காலத்தில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கடமை இருந்தது. இன்று இரத்தப் பரிசோதனை, நாளை கதிர்ச் சிகிச்சை என்று நாட்கள் ஓடின. வைத்தியரும் தாதியரும் அருகில் இருந்தனர். அஞ்சுவதற்குக்கூட மனத்துக்கு அவகாசமில்லை. எல்லாம் ஓய்ந்து வீடு திரும்பியபோது, அதுவரை அடங்கிக் கிடந்த அச்சம் எழுந்து நின்றது. ஒருநாள் இருமினால், அதுவோ என்று நெஞ்சு திடுக்கிடும். முதுகு வலித்தால் உறக்கம் போய்விடும். கிளினிக் நாள் நெருங்க நெருங்க உணவு கசக்கும்.

அமெரிக்க வைத்தியராகிய பிட்ஸ்ஹியூ முல்லன் என்பவர், தாமே புற்றுநோய்க்கு ஆளாகி மீண்டவர். அவர் 1985ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், நோயிலிருந்து மீள்பவனின் வாழ்வை மூன்று பருவங்களாக வகுத்தார். முதலாவது, நோயோடு போராடும் பருவம். மூன்றாவது, நோய் நீங்கியதென்று ஓரளவு உறுதி கொள்ளும் பருவம். இவ்விரண்டுக்கும் இடையே, சிகிச்சை முடிந்தும் அச்சம் முடியாத நீண்ட பருவமொன்று உண்டு. நான் அழுதது அந்த நடுப்பருவத்தின் வாசலிலே என்று அறிந்தபோது, என் மனம் சற்று ஆறிற்று.

ஆயினும், அதனை எனக்கு நன்றாக விளங்க வைத்தவர் எங்கள் மாணவி ஒருத்தியின் தாய். கொழுந்து பறிக்கும் தொழிலாளி. அவரும் இந்நோயிலிருந்து மீண்டவரே. பாடசாலைக்குத் திரும்பிய முதல் வாரத்திலேயே பழைய வேகத்தில் ஓட முயன்று, நான் சோர்ந்து அமர்ந்திருந்தேன். என்னைக் கண்டு அவர் கேட்டார்: "டீச்சர், கவாத்து வெட்டுன செடியில மறுநாளே யாராச்சும் கொழுந்து பறிப்பாங்களா?"

மலைநாட்டிலே வளர்ந்த எனக்கு இது தெரியாததன்று. கவாத்து வெட்டிய மலை மொட்டையாய் நிற்கும். பட்டுப்போனதென்றே புதியவர் எண்ணுவர். ஆனால் வேரிலே சேர்த்து வைத்த உணவைக்கொண்டு செடி மெல்லத் துளிர்க்கின்றது. மாதக்கணக்கிற் பொறுத்திருந்தே அதிற் கை வைக்கின்றோம். செடிக்குத் தரும் அவகாசத்தை மனிதருக்குத் தரலாகாதா?

மீண்டு வந்த சகோதர சகோதரிகளே, அச்சம் கோழைத்தனமன்று. அதனை நம்பத்தகுந்த ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். புதிய வலியோ வேறு மாற்றமோ நீடித்தால், உள்ளே வைத்துக் குமையாது வைத்தியரிடம் காட்டுங்கள். அச்சத்தின் பொருட்டுக் கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். மார்பகச் சத்திரசிகிச்சை பெற்றோரிற் சிலருக்குக் கை வீங்குவதுண்டு. கூடை சுமப்பதற்கு முன்னர் வைத்தியரின் யோசனையைக் கேளுங்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமின்மையும் வாழ்வில் வெறுப்பும் தொடருமாயின், அதற்கும் வைத்தியம் உண்டு. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியிற் பேசலாம்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. புற்றுநோய் தொற்று நோயன்று. தனித் தட்டும் தனிக் கோப்பையும் வேண்டா. அந்த ஏற்பாடு நோயினும் கொடிதாய் வருத்தும். முன்வினை என்று பேசாதீர்கள். "தைரியமாயிரு" என்று கட்டளையிடுவதிலும், பக்கத்தில் அமர்ந்து கேட்பது மேல்.

இன்றும் கிளினிக் நாளன்று என் தங்கை என்னுடன் வருகின்றாள். புகையிரதம் ஹட்டனைக் கடக்கும்போது என் கையைப் பற்றி, "அக்கா, பயமா இருக்கா?" என்று கேட்பாள். முன்னெல்லாம் இல்லை என்பேன். இப்போது ஆம் என்று சொல்லுகின்றேன். அவ்வாறு சொன்ன பின்னர், சன்னலுக்கு வெளியே பச்சை மலைகளைப் பார்த்துக்கொண்டு செல்ல என்னால் முடிகின்றது.