ஒகேனக்கல் ஏற்றமும் பொரி உருண்டையும்

ஒகேனக்கல் போய் வந்தேன் என்று யாரிடம் சொன்னாலும், முதலில் "பரிசலில் போனீங்களா?" என்பார்கள், அடுத்து, "மீன் சாப்பிட்டீங்களா?" என்பார்கள். கேட்பது நியாயம்தான். மிளகாய் மசாலா தடவிய கட்லாவும் கெண்டையும் இரும்புக்கல்லில் முறுகிக்கொண்டிருக்கும் கடைகளைத் தாண்டித்தான் ஆற்றுக்கே போக வேண்டும். மீனை வாங்கிக் கொடுத்தால் அங்கேயே சோறு வடித்து, குழம்பு வைத்துத் தருகிற பெண்களும் இருக்கிறார்கள். காரில் வந்தவர்கள் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டே ஊர் திரும்பலாம். நான் இன்று பேச வந்திருப்பது, சைக்கிளை மிதித்து வந்து, மிதித்தே திரும்ப வேண்டியவர்களுக்காக.

தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டிய பிறகு சுமார் 16 கிலோமீட்டர். அதன் பிற்பகுதி காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. போகும்போது மிதிக்கவே வேண்டியதில்லை, பிரேக்கைப் பிடித்த விரல்கள்தான் வலிக்கும். சிக்கல் திரும்பும்போது. காலையில் சும்மா உருண்டு வந்த அதே பாதை, மதிய வெயிலில் ஏற்றமாக எதிரே நிற்கும். விருந்து இருப்பதோ ஏற்றத்தின் அடிவாரத்தில். பொரித்த மீனை ஒரு கை பார்த்துவிட்டு ஏறத் தொடங்குகிறவர், மூன்றாவது வளைவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டுப் பாலத்துச் சுவரில் உட்கார்ந்திருப்பார். முகம் வெளுத்திருக்கும், நெற்றியில் வேர்வை கொட்டும், "வயித்தைப் புரட்டுது" என்பார்.

வயிறு நிறைய இருக்கிறது, காலில் மட்டும் வலு இல்லை. இது எப்படி?

நாம் சாப்பிடும் சோறு, களி, இட்லி, பழம் எல்லாவற்றிலும் உள்ள மாவுச்சத்தையும் சர்க்கரையையும் உடம்பு கிளைக்கோஜன் என்ற வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கிறது. எல்லாம் சேர்த்துச் சுமார் 400, 500 கிராம்தான் கொள்ளும். கொழுப்பு நம் உடம்பில் கிலோக்கணக்கில் இருக்கிறது. ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். ஏற்றத்தில் வேகமாக எரிய வேண்டியது இந்தக் கிளைக்கோஜன். விடாமல் அழுத்தி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் அது அடிமட்டத்துக்கு வந்துவிடும். அப்போதுதான் கை நடுங்கும், கண்ணைக் கட்டும், கூட வருகிறவர் ஏதாவது சொன்னால் காரணமில்லாமல் கோபம் வரும். மூளையும் சர்க்கரையைத்தானே நம்பியிருக்கிறது.

அந்த நேரத்தில் வயிற்றில் இருக்கும் மீனும் எண்ணெயும் உதவாது. கொழுப்பும் புரதமும் இரைப்பையை விட்டு இறங்க நேரம் எடுக்கும். ஏற்றத்தில் ரத்தமெல்லாம் கால் தசைகளுக்கு ஓடுவதால், செரிமானத்துக்குக் கிடைப்பது குறைவு. அதனால்தான் புரட்டல்.

ஆகவே ஒகேனக்கல் பயணத்தில் நான் முக்கியமாக நினைப்பது நேரத்தைத்தான். நம் ஊர் உணவு எல்லாமே இதற்குத் தோதானது. எதை எப்போது என்பதில்தான் தவறு நடக்கிறது.

தருமபுரிக்காரர்களின் கேழ்வரகுக் களியையே எடுத்துக்கொள்ளுங்கள். கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது, நார்ச்சத்தும் அதிகம். உருண்டையைப் பிட்டு, குழம்பில் தோய்த்து விழுங்கினால் நெடுநேரம் பசிக்காது. முந்தின நாள் ராத்திரிக்கு இதைவிட நல்ல உணவு எனக்குத் தெரியாது. ஆனால் விடியற்காலை களி தின்றுவிட்டு அரை மணியில் கிளம்பினால், பென்னாகரம் வரை அது கல்லாக வயிற்றில் கிடக்கும். காலையில் மூன்று, நான்கு இட்லி போதும், எண்ணெய் மிதக்கும் பூரி வேண்டாம். ஒன்றுமே சாப்பிடாமல் கிளம்புவதும் கூடாது. ராத்திரி தூக்கத்திலேயே கல்லீரலின் இருப்பு பெருமளவு கரைந்துபோயிருக்கும்.

வண்டியில் ஏறிய பிறகு, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து தேவை என்பது விளையாட்டு உணவியலில் நிலைபெற்ற கணக்கு. பசி எடுத்த பிறகு சாப்பிட்டால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். முதல் மணி நேரத்திலேயே தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 25 கிராம் இருக்கிறது. குட்டி ஏலக்கிப் பழத்தில் ஏறக்குறைய அதில் பாதி. நாலைந்து சிறிய பேரீச்சம்பழம் ஒரு வாழைப்பழத்துக்கு ஈடு. வெல்லம் பெரும்பகுதி சர்க்கரைதான். அது குடலில் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிரியும். இரண்டுக்கும் குடலில் வெவ்வேறு வாசல்கள் இருப்பதால், ஒன்றை மட்டும் தின்பதைவிட இரண்டும் சேர்ந்தால் மணிக்கு அதிகம் உள்ளே போகும். விலை உயர்ந்த வெளிநாட்டு ஜெல் பாக்கெட்டுகளில் இந்தக் கலவையைத்தான் அடைத்து விற்கிறார்கள்.

இங்கே கடலை உருண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. எல்லாரும் பையில் போட்டுக்கொள்வது அதுதான், எனக்கும் பிடிக்கும். ஆனால் வேர்க்கடலையில் எடையில் பாதிக்குக் கிட்ட கொழுப்பு. தருமபுரி, பென்னாகரம் சாலையில் நிதானமாக மிதிக்கும்போது அது சரி. ஏற்றத்துக்கு முன்னால் நான் எடுப்பது பொரி உருண்டை. பொரியும் வெல்லப்பாகும் மட்டுமே, கொழுப்பு இல்லை, சீக்கிரம் இறங்கிவிடும். ஒரே தொல்லை, மூச்சு வாங்கும்போது வாயில் உதிர்ந்து தொண்டையில் ஒட்டும். நின்று, தண்ணீரோடு சாப்பிடுங்கள். அதையும் காட்டுக்குள் வராமல் அடிவாரத்திலேயே முடித்துவிடுங்கள். வழியில் குரங்குகள் அதிகம், கையில் இருப்பதைப் பிடுங்கத் தயங்காது. யானை நடமாடும் பாதை அது. தோலையும் தாளையும் அங்கே வீசக் கூடாது.

தண்ணீர் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002இல் பாஸ்டன் மாரத்தான் ஓடிய 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது அதிகம் குடித்து எடை கூடியவர்களே அவர்களில் பெரும்பகுதி. உப்புப் போட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு, இவை போதும். சர்க்கரையும் சோடியமும் சேர்ந்து வந்தால் குடல் தண்ணீரையும் கூடவே இழுத்துக்கொள்ளும்; வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்பு சர்க்கரைக் கரைசல் வேலை செய்வதும் இப்படித்தான். இளநீர் நல்லதுதான், ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. அதை மட்டும் நம்ப வேண்டாம்.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் நான் சொல்கிற கணக்கை அப்படியே பின்பற்றாமல், மருத்துவரிடம் கேட்டுவிட்டே கிளம்புங்கள். மிதிக்கும்போது அவர்களுக்குச் சர்க்கரை மளமளவென இறங்கிவிடலாம்.

சரி, மீன்? அன்றே திரும்புவதாக இருந்தால், குழம்பில் கிடந்த ஒரு துண்டும் ஒரு கரண்டி சோறும் போதும். பிறகு ஒரு மணி நேரமாவது அருவியைப் பார்த்துக்கொண்டிருங்கள், வெயில் தாழட்டும். ஆனால் காட்டுப் பாதையில் இருட்டுவதற்குள் மேலே ஏறிவிட வேண்டும். இரண்டையும் பார்த்தால் ஒரு நாளில் போய்த் திரும்புவது நெருக்கடிதான். முடிந்தவர்கள் ராத்திரி தங்குங்கள் என்பேன்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1966இல் சுவீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் என்ற இரு ஆய்வாளர்கள் தங்கள் உடம்பிலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே நிலைச் சைக்கிளின் இரு பக்கமும் ஆளுக்கொருவராக அமர்ந்து, ஒற்றைக் காலால் மட்டும் சோர்ந்துபோகும் வரை மிதித்தார்கள். பிறகு மாவுச்சத்து மிகுந்த உணவைச் சாப்பிட்டு, தொடையில் ஊசி இறக்கித் தசையில் ஒரு துளி எடுத்துப் பார்த்தார்கள். மிதித்துக் காலியான காலில், சும்மா இருந்த காலைப் போல் இரு மடங்கு கிளைக்கோஜன் சில நாட்களில் சேர்ந்திருந்தது. வேலை செய்த தசை தனக்கு வேண்டியதை அள்ளிக்கொள்கிறது. நாம் கொடுத்தால் போதும்.

அதனால் தங்குகிறவர்கள் அந்த ராத்திரி வறுவலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மீன் புரதம் தரும், காலியான காலை நிரப்பாது. சமைத்துத் தரும் அம்மாவிடம் சோற்றைக் கொஞ்சம் கூடுதலாக வடிக்கச் சொல்லுங்கள்; குழம்பு ஊற்றி, இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். காலை வெயில் ஏறுவதற்குள் இட்லியும் பழமுமாக முடித்துவிட்டு, பையில் பொரி உருண்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஏறத் தொடங்கலாம்.