சும்மா இருக்கும் கணினியின் கீச்சொலி

நிசப்தமான இரவில், மடிக்கணினியின் உள்ளிருந்து மெல்லிய கீச்சொலி எழுவதை உங்களில் சிலர் கேட்டிருக்கலாம். வேலை கொடுத்தால் அது அடங்குகிறது. சும்மா விட்டால் மீண்டும் தொடங்குகிறது. இந்த விசித்திரமே காரணத்தைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

கணினியின் பிராசசர், வேலையற்ற கணங்களில் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கண்ணயர்வதும், அழைப்பு வந்ததும் விழிப்பதுமாக, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை, சில சமயம் ஆயிரம் முறைகூட நிலைமாறுவதால், ஊஞ்சலில் ஒருவர் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தால் சங்கிலி கிறீச்சிடுவதைப்போல, பிராசசருக்கு மின்சாரம் ஊட்டும் கம்பிச்சுருள்களும் பீங்கான் மின்தேக்கிகளும் அதிர்ந்து, நம் செவிக்கு எட்டும் நாதத்தை எழுப்புகின்றன.

பரீட்சை எளிது. கனமான வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஓய்வில் ஒலி, உழைப்பில் மௌனம் என்றால், பெரும்பாலும் காரணம் இந்த உறக்கமே.

ஒலிபெருக்கியில் மட்டும் இரைச்சல் கேட்டால், சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். மறைந்துவிட்டால், சார்ஜரையோ எர்த் இணைப்பையோ சோதிக்க வேண்டும். பிராசசர் பாவம், நிரபராதி!

பல கணினிகளில், அடிப்படை அமைப்பான பயாஸில் உள்ள சி-ஸ்டேட் என்னும் ஆழ்துயில் நிலைகளை நிறுத்தினால் கீச்சொலி அடங்கும். ஆனால் சூடு ஏறும். பாட்டரி விரைவில் தீரும். இந்த ஒலியால் பொதுவாகக் கணினிக்குச் சேதமில்லை. ஆதலால், பொறுக்கக்கூடியதாயின் அப்படியே விட்டுவிடுவதே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். பொறுக்க முடியாதாயின், உத்தரவாதக் காலம் முடிவதற்குள் விற்றவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.