சிறுநீரகப் பிணியாளரைப் பேணுவோர்க்குத் தொடர்கல்வி



விழா நாளில் பிணியைப் பற்றிப் பேசுதல் பொருந்துமோ என்று சிலர் எண்ணலாம். பொருந்தும். நீரிழிவோ உயர் குருதி அழுத்தமோ எட்டிப் பாராத குடும்பம் இன்று அரிது. சிறுநீரகம் பழுதுபடுவதற்கு அவ்விரண்டுமே முதன்மைக் காரணங்கள். இவ்வுரையின் பொருள் அப்பிணியாளரைப் பேணும் கைகள். மருத்துவர், செவிலியர், டயாலிசிஸ் தொழில்நுட்பர், உணவியலார், மருந்தாளுநர் ஆகியோர் பட்டம் பெற்ற பின்னரும் ஏன் கற்க வேண்டும், எதைக் கற்க வேண்டும், அதற்குத் தடையாய் நிற்பது யாது என்பனவே இங்கு ஆராயப்படுகின்றன.

சிறுநீரகத்தின் தொழிலைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. இரண்டும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடித்து, அதில் ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் சிறுநீராக வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே மீட்டுத் தருகின்றன. இப்பணியை இயந்திரத்தின்வழிச் செய்ய முயன்றவர் நெதர்லாந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப். போர்க்காலத்தில், 1943-இல், காம்பென் என்னும் சிற்றூர் மருத்துவமனையில், சுழலும் உருளையில் செல்லோபேன் குழாயைச் சுற்றி அவர் முதற் கருவியை அமைத்தார். தொடக்கத்தில் சிகிச்சை பெற்றோரில் பெரும்பாலோர் பிழைக்கவில்லை. 1945-இல் 67 வயது மூதாட்டி ஒருவர் பிழைத்தெழுந்தார். 1960-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர், கையிலேயே நிலையாக இருத்தக்கூடிய டெஃப்லான் குழாய் இணைப்பைக் கண்டார். அதுவரை சில நாள்களுக்கு மட்டுமே உதவிய சிகிச்சை, அதன் பின் ஆண்டுக்கணக்கில் தொடரத்தக்கதாயிற்று. அவருடைய முதல் நோயாளி பதினோராண்டுகள் வாழ்ந்தார்.

அப்போது இயந்திரத்தை இயக்குவதற்கென்று படித்தவர் எவரும் உலகில் இலர். மருத்துவர் கண்டதைச் செவிலியரே நாள்தோறும் இயக்கினர், கைப்பழக்கத்தால் கற்றனர், கற்றதை அடுத்தவர்க்குச் சொல்லிக் கொடுத்தனர். தொழில் முதலில் பிறந்து, அதற்குரிய பள்ளி பின்னர் பிறந்த துறை இது. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இந்தியாவில் வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை 1971-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில்தான் நடந்தது. ஆரணி, வந்தவாசி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள் இன்றும் சிறுநீரக நோய்க்கு முதலில் வேலூரை நினைப்பதற்குப் பழைய காரணம் உண்டு.

இனி, பட்டம் பெற்றபோது கற்றது ஏன் போதாது என்பதற்கு ஒரு சான்று. சிறுநீரகம் கெட்டவர்க்குக் குருதிச் சோகை வரும். 1989-இல் எரித்ரோபொயட்டின் என்னும் ஊசிமருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அதுவரை அடிக்கடி பிறர் குருதியை ஏற்றிக்கொண்டிருந்தோர்க்கு அது பெரும் விடுதலை. ஊசியால் ஹீமோகுளோபின் உயர்ந்தால் நலம் என்றால், நலமான மனிதரின் அளவுக்கே உயர்த்தினால் இன்னும் நலமல்லவா? இக்கேள்வி இயல்பானது; பலரும் அவ்வாறே நம்பினர். 2006-இல் வெளிவந்த ஆய்வொன்றில் ஒரு பிரிவினர்க்கு 13.5 என்றும் மற்றொரு பிரிவினர்க்கு 11.3 என்றும் ஹீமோகுளோபின் இலக்கு வைக்கப்பட்டது. உயர்ந்த இலக்கு பெற்றவர்களிடையே இறப்பும் இதயக் கேடுகளும் சேர்த்துப் பார்க்கையில் மிகுந்தன. 2009-இல் நீரிழிவால் சிறுநீரகம் கெட்டவர்களிடையே நடந்த மற்றோர் ஆய்வில், இவ்வகை மருந்து பெற்றவர்களுக்குப் பக்கவாதம் ஏறத்தாழ இரு மடங்காயிற்று. 2000-இல் பட்டம் பெற்று, அதன்பின் நூலைத் திறவாத ஒருவர், நன்மை செய்வதாகவே எண்ணித் தீமை செய்திருப்பார். அவரிடம் அன்புக்கோ உழைப்புக்கோ குறைவில்லை. அவர் அறிவு மட்டும் பழையது.

மருந்துகளிலும் இவ்வாறே. நீரிழிவுச் சிறுநீரக நோயைத் தாமதப்படுத்த 2001-இல் லோசார்டான் முதலிய மருந்துகளின் பயன் உறுதியாயிற்று. அதன் பின் பதினெட்டாண்டுகள் பெரிய முன்னேற்றம் இல்லை. 2019-இல் கானாகிளிஃப்ளோசின், 2020-இல் டாபாகிளிஃப்ளோசின் என்று அடுத்தடுத்து ஆய்வு முடிவுகள் வந்தன. சர்க்கரையைக் குறைக்கப் பிறந்த இம்மருந்துகள் சிறுநீரகத்தைக் காப்பனவாகவும், நீரிழிவு இல்லாத சிறுநீரக நோயாளர்க்கும் பயன்படுவனவாகவும் தெரியவந்தன. இதனைச் சிறுநீரக வல்லுநர் மட்டும் அறிந்தால் போதாது. ஊரில் உள்ள பொது மருத்துவரே நோயாளரை முதலில் காண்கிறார். மருந்தின் பயனோ நோய் முற்றுவதற்கு முன்னரே மிகுதி.

தொழில்நுட்பரின் கல்வி பற்றிப் பேசுவோர் குறைவு. ஆதலால் இங்குச் சற்று விரித்துரைத்தல் தகும். நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒன்றுக்கு, நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம், 120 லிட்டர் நீர் நோயாளரின் குருதிக்கு மிக அருகில், ஒரு மெல்லிய சவ்வுக்கு அப்பால் ஓடுகிறது. வாரம் மூன்று முறையெனில் 360 லிட்டர். நலமானவர் வாரம் முழுவதும் குடிக்கும் நீர் இதில் மிகச் சிறு பகுதியே. அதையும் குடலும் சிறுநீரகமும் காவல் செய்கின்றன. டயாலிசிஸ் நோயாளர்க்கு அந்தக் காவல் இல்லை. நீரில் உள்ள நஞ்சு நேரே உட்புகும். 1970-களில் டயாலிசிஸ் பெற்றோர் சிலர்க்குப் பேச்சுக் குழறி, அறிவு மங்கி, உயிர் பிரிந்தது. நீரில் கலந்திருந்த அலுமினியமே முதன்மைக் காரணம் என்று பின்னர் தெளிந்தனர். 1996-இல் பிரேசில் நாட்டின் கருவாரு நகரில் ஒரு டயாலிசிஸ் நிலையத்துக்கு வந்த நீரில் நீலப்பச்சைப் பாசியின் நஞ்சு கலந்திருந்தது. நூறு பேர்க்கு ஈரல் செயலிழந்தது; ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நகராட்சிக் குடிநீரில் கிருமி நீக்கச் சேர்க்கும் குளோரின், குளோரமின் ஆகியவை குடிப்போர்க்குத் தீங்கு செய்யா. டயாலிசிஸ் நீரில் எஞ்சி நின்றால் குருதிச் சிவப்பணுக்களை உடைக்கும். எனவே ஒவ்வொரு முறை நோயாளரும் அமர்வதற்கு முன், கரி வடிகட்டியைக் கடந்த நீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். சில நிமிட வேலைதான். ஏன் செய்கிறோம் என்று அறிந்தவர் நாள்தோறும் செய்வார். அறியாதவர் மாலையில் உட்கார்ந்து ஏழு நாளைக்கும் சேர்த்து எழுதிவிடுவார்.

செவிலியர் கல்வியில் ஒரு செய்தி சிறுநீரகப் பிரிவுக்கு வெளியே உள்ளோர்க்கே மிகுதியும் வேண்டியது. அது கை நரம்பைப் பற்றியது. நரம்பென்று வழக்கில் சொல்லுவது சிரையை. 1966 முதல் வழக்கிலுள்ள முறைப்படி, நோயாளரின் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா அமைப்பர். அது பருத்து முதிர ஆறு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். பின்னர் ஆண்டுக்கணக்கில் அதுவே அவருடைய உயிர்வழி. சிறுநீரகம் தளர்ந்துவரும் ஒருவர் காய்ச்சலுக்கென்று ஏதோ ஒரு மருத்துவமனையில் சேர்கிறார். அங்குள்ள செவிலியர் வசதி கருதி இடது முன்கைச் சிரையிலேயே மீண்டும் மீண்டும் ஊசி ஏற்றுகிறார். சிரை தழும்பேறி அடைபடுகிறது. ஈராண்டுகள் கழித்து ஃபிஸ்டுலா வைக்க வரும் அறுவை மருத்துவர்க்கு அந்தக் கையில் ஒன்றும் எஞ்சியிருப்பதில்லை. புறங்கைச் சிரையில் ஏற்றியிருக்கலாம். அதைச் சொல்லிக் கொடுக்க ஒரு மணி நேர வகுப்பு போதும். ஃபிஸ்டுலா உள்ள கையில் குருதி அழுத்தம் பார்த்தலாகாது, அதன்மேல் விரல் வைத்தால் உணரப்படும் அதிர்வு நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பவற்றை வீட்டாரும் அறிந்திருத்தல் நலம்.

கல்வி என்றதும் உயர்பட்டம் பெற்றோரையே எண்ண வேண்டியதில்லை. சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாகச் சென்னையை அடுத்த சிற்றூர்களில் நடத்திய பணி இதற்குச் சான்று. பள்ளிப் படிப்பை முடித்த உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி தரப்பட்டது. அவர்கள் வீடு வீடாகச் சென்று குருதி அழுத்தம் பார்த்தனர். சிறுநீரில் புரதம் உண்டா என்று சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தாலும், சர்க்கரை உண்டா என்று பெனடிக்ட் கரைசலாலும் சோதித்தனர். ஐயத்துக்குரியோரை மருத்துவர் கண்டு, விலை மலிந்த மருந்துகளாலேயே அழுத்தத்தையும் சர்க்கரையையும் அடக்கினார். டயாலிசிஸ் தேவைப்படாமலே தடுப்பதற்கு இத்தனை எளிய கல்வி உதவியது. இயந்திரம் எதுவும் இல்லாத இத்திட்டம், இயந்திரம் நிறைந்த நிலையங்களைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது என்பது வியப்பில்லை. திறப்பு விழாவுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. மருத்துவர்கள் ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டுமென்று இந்திய மருத்துவக் கழகத்தின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் கூறின. அமெரிக்காவில் டயாலிசிஸ் தொழில்நுட்பர் பணியில் சேர்ந்த 18 மாதங்களுக்குள் சான்றிதழ்த் தேர்வில் தேற வேண்டுமென்று 2008-இல் விதி வந்தது. இந்தியாவில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழிலர் ஆணையச் சட்டம், டயாலிசிஸ் தொழில்நுட்பரையும் பதிவுக்குரிய தொழிலராக ஏற்றது. இது காலந்தாழ்ந்த நன்மை.

சட்டம் வந்தாலும் நடைமுறையில் ஓர் இடர் உண்டு. 2016-இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் தொடங்கியபின் மாவட்டத் தலைநகரங்கள் வரை இயந்திரங்கள் வந்தன. சிறு நிலையத்தில் தொழில்நுட்பர் ஒருவரோ இருவரோ இருப்பர். ஒருவர் மூன்று நாள் பயிற்சிக்குச் சென்றால், அம்மூன்று நாளும் நோயாளர் எங்கே செல்வர்? எனவே அவரை எவரும் அனுப்புவதில்லை. மருத்துவர்க்குரிய கருத்தரங்கோ நகரத்து விடுதியில், மருந்து நிறுவனங்களின் செலவில், நண்பகல் விருந்தோடு நடைபெறுகிறது. கற்க வேண்டிய தேவை மிக்கவர்க்குக் கற்கும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதே இன்றைய நிலை.

அறக்கட்டளைகள் இதில் செய்யத்தக்கது ஒன்றுண்டு. டயாலிசிஸ் இயந்திரம் வழங்க முன்வரும் செல்வர் பலர். இயந்திரத்தின் மேல் பெயர் பொறிக்கலாம், அது தவறுமன்று. எனினும் இரண்டு இயந்திரம் தரும் இடத்தில் ஒன்றைத் தந்து, மற்றதன் விலையில் பல தொழில்நுட்பர்க்கும் செவிலியர்க்கும் பயிற்சிச் செலவும், அவர்கள் இல்லாத நாள்களுக்கு மாற்று ஆளின் ஊதியமும் தரலாம். மருந்துக் கொடையும் நூற்கொடையும் வேறுவேறாக எண்ணப்படுவன. இங்கே அவ்விரண்டும் ஒன்றாகின்றன. பெயர்ப் பலகைக்கு மட்டும் இடமிராது.

இறுதியாக உணவு. சைவ உணவினரின் புரதம் தாழ்ந்தது என்று முன்பு கற்பித்தனர். 2020-இல் புதுப்பிக்கப்பட்ட அமெரிக்கச் சிறுநீரக உணவு நெறிமுறை, தாவரப் புரதம், விலங்குப் புரதம் என்று ஒன்றை உயர்த்திச் சொல்லப் போதிய சான்றில்லை என்கிறது. பருப்பிலுள்ள பாஸ்பரசில் பெரும்பகுதி ஃபைடேட்டாகக் கட்டுண்டிருப்பதால் உடலில் முழுதும் சேர்வதில்லை. பொட்டல உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட்டோ ஏறத்தாழ முழுவதும் சேர்ந்துவிடும். டயாலிசிஸ் தொடங்கும் முன் புரதத்தைக் குறைக்கச் சொல்லும் அதே உணவியலார், தொடங்கிய பின் கூட்டச் சொல்லுவார். இது முரண்பாடன்று. டயாலிசிஸில் புரதக் கூறுகள் இழக்கப்படுகின்றன. இதை விளக்காமல் தாளில் எழுதிக் கொடுத்தால், பழைய தாளையே வீட்டார் போற்றி வைத்திருப்பர். இளநீரும், சோடியம் குறைந்தது என்று விற்கும் பொட்டாசிய உப்பும் இவர்களுக்குத் தீங்காகலாம் என்பதையும் அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

நோயாளர் எவ்வாறு உண்கிறார் என்று கேட்கக் கற்றலும் தொடர்கல்வியே. பாஸ்பேட்டைக் கட்டும் மாத்திரையை உணவோடு உண்ண வேண்டும். தனியே உண்டால் பயனில்லை. மருந்துச் சீட்டில் காலை, பகல், இரவு என்று மூன்று வேளை எழுதியிருக்கும். கதிரவன் மறைந்தபின் உண்ணாத குடும்பத்து முதியவர், இரவு மாத்திரையை நீரோடு மட்டும் விழுங்கிக்கொண்டிருப்பார். எவரும் கேட்காதவரை அவரும் சொல்லமாட்டார். நோன்பு நாள்களில் இன்சுலினையும் சில சர்க்கரை மாத்திரைகளையும் வழக்கம்போல் எடுத்தால் சர்க்கரை தாழும். மேற்கூறிய கிளிஃப்ளோசின் வகை மருந்துகளை நீண்ட பட்டினியின்போது நிறுத்தி வைக்க வேண்டும். இல்லையேல் குருதியில் அமிலம் மிகும் இடர் உண்டு. தசலட்சண நாள்களுக்கு இரு வாரம் முன்னரே மருத்துவரிடம் சென்று, எந்தெந்த நாள் உண்ணா நோன்பு, எந்தெந்த நாள் ஒரு வேளை உணவு, நீர் அருந்துவது உண்டா இல்லையா என்பவற்றைத் தாளில் எழுதிக் காட்டலாம். எந்த மருந்தை எந்நாளில் நிறுத்துவது, எதனை எப்பொழுது மீண்டும் தொடங்குவது என்பதை அத்தாளிலேயே அவர் குறித்துத் தருவார்.